மூளைக்கு வரவேற்பு, ஆளுக்கு வரிசை!

யானைக்கால் நோய்க்காக வீடு வீடாக வந்து ஒரு மாத்திரை கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? டி.இ.சி. என்று பெயர். அதைத் தந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனவர். ஃபோலிக் அமிலம், புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் என்று அவர் கை பட்டவை இன்னும் இருக்கின்றன. ஆனால் 1923இல் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, ஆகவே அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. 1946இல்தான் கதவு திறந்தது. 1948இல் சுப்பாராவ் இறந்தே போனார், கடைசிவரை அந்நியராகவே!

அது பழைய கதை, இப்போது யாரும் நிறம் பார்ப்பதில்லை என்பார்கள். உண்மைதான். இப்போது பார்ப்பது பிறந்த நாட்டை.

வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 க்ரீன் கார்டுகள். மனைவி, பிள்ளைகளும் இந்தக் கணக்கிலேயே சேர்த்தி. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. என்ன ஒரு சமத்துவம்! பார்ப்பது குடியுரிமையைக்கூட அல்ல, பிறப்பை. சென்னையில் பிறந்து கனடா குடிமகனாகிவிட்டவரும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இதில் உச்சகட்ட வேடிக்கை 'தேசிய நலன் விலக்கு'. முதலாளி யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம். ஆய்வாளர் தானே விண்ணப்பிக்கலாம். தன் ஆய்வு அமெரிக்காவுக்கு முக்கியமானது, அதைச் செய்யத் தனக்குத் தகுதி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். கட்டுகட்டாகக் காகிதம், பேராசிரியர்களின் கடிதங்கள், வக்கீல் கட்டணம். கடைசியில் அரசும் ஒப்புக்கொள்கிறது: ஆமாம், உங்கள் வேலை எங்கள் தேசத்தின் நலனுக்குத் தேவை. ஒப்புக்கொண்ட கையோடு, போய் வரிசையில் நில்லுங்கள் என்கிறது! 2025 ஆகஸ்டில் அந்த இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கான தேதி 2013 ஜனவரி 1. அதாவது, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் மனு போட்டவர்களின் முறைதான் அப்போது வந்திருந்தது. தேசத்தின் நலன் பன்னிரண்டு வருடம் காத்திருக்குமா? காசநோய்க் கிருமி காத்திருக்குமா?

முதல் பிரிவில் வரிசை சிறியது, அதில் போகலாமே என்று கேட்கலாம். அங்கே 'அசாதாரணத் திறமை' வேண்டும். பத்து அளவுகோல்களில் மூன்றையாவது தொட வேண்டும். பாடகர், விளையாட்டு வீரர், விஞ்ஞானி எல்லோருக்கும் ஒரே பட்டியல். அதில் 'உயர்ந்த சம்பளம்' என்றும் ஒன்று உண்டு (போஸ்ட்டாக் வேலையில் இருப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்). ஹங்கேரியிலிருந்து 1985இல் அமெரிக்கா வந்த கத்தலின் கரிக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு நிதி கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர். 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். 2023இல் நோபல். பதவி போன அந்த ஆண்டில் இந்தப் பட்டியலை நீட்டியிருந்தால் அவர் எத்தனை கட்டங்களில் டிக் போட்டிருப்பார்?

நிதி என்றதும் இன்னொன்று. இளம் ஆய்வாளர்களுக்கு என்.ஐ.ஹெச். தரும் பயிற்சி நிதிகளில் பெரும்பாலானவை குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு, அவ்வளவுதான். க்ரீன் கார்டு இல்லாவிட்டால் நிதி இல்லை. நிதி வாங்கிக் காட்டாவிட்டால் க்ரீன் கார்டுக்குச் சான்று இல்லை. இந்த வட்டத்தை வரைந்தவர் யாரோ!

நாட்டுக்கு இத்தனை என்று வைக்காவிட்டால் ஒரே நாட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்பது எதிர்வாதம். குடியேற்றம் முழுவதற்கும் அது பொருந்தலாம். மருந்து கண்டுபிடிக்க ஆள் தேடும்போது, அவர் பிறந்த ஊரை வைத்தா வரிசை போடுவது? அறுவை சிகிச்சைக்குப் படுத்திருப்பவர் டாக்டர் எந்த நாட்டில் பிறந்தார் என்று கேட்டுக்கொண்டிருப்பாரா?

இவர்கள் ஏன் இந்தியாவிலேயே இருக்கக் கூடாது என்று நம்மவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது டெல்லி. வாஷிங்டனின் கணக்கை அது நேர் செய்யாது.

இத்தனைக்கும் மேல் 2025 செப்டம்பரில் ஒரு பிரகடனம். வெளிநாட்டில் இருப்பவருக்காகப் புதிதாக ஹெச்-1பி மனு போட்டால் ஒரு லட்சம் டாலர். பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் கிடையாது என்று 2000இல் சட்டமே போட்டார்கள். இந்தக் கட்டணத்தில் அந்தச் சலுகை இல்லை. 2024இல் என்.ஐ.ஹெச். நிர்ணயித்த, முதலாண்டு போஸ்ட்டாக்கின் வருட உதவித்தொகை 61,008 டாலர். ஒரு ஆளை உள்ளே விடுவதற்கான சீட்டு, அவருடைய ஒரு வருடச் சம்பளத்தை விட அதிகம். சிறிய ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியர் என்ன செய்வார்? விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

அந்தப் பிரகடனத்திலும் விலக்குக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். என்ன காரணம் காட்ட வேண்டுமாம்? தேசிய நலன்!