மூச்சை இழுத்து விடு என்கிறான்: எந்தக் காற்றை?

செல்போனில் ஒரு செயலி கேட்கிறது: ‘இன்று உன் மனநிலை எப்படி?’ கீழே ஐந்து முகங்கள், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரைக்கும். அழுகிற முகத்தைத் தொட்டால் அடுத்த கட்டளை: ‘கண்ணை மூடு. மூச்சை ஆழமாக உள்ளே இழு. நாலு எண்ணு. மெதுவாக வெளியே விடு.’

எண்ணூர் பெரியகுப்பத்துப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘எந்தக் காத்த இஸ்க்கச் சொல்ற?’ என்று திருப்பிக் கேட்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, தூங்குகிற குழந்தைகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடிய ஜனம் அது. அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய் ஆற்றிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பிக்கொண்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சேரியும் குப்பமும் இழுக்கிற மூச்சை ஆலைகள்தான் தீர்மானிக்கின்றன. அங்கே வளர்கிற பதினைந்து வயசுப் பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித்தர ஒரு பொம்மை வருகிறது.

இதைச் சொன்னதும், ‘மனநலம்னாலே மேல்தட்டுக்காரன் சொகுசு, நமக்கு எதுக்கு?’ என்று முடித்துவிடுகிற தோழர்கள் உண்டு. அவர்களோடும் நமக்குச் சண்டை இருக்கிறது. 1794இல் கம்பெனி ஆட்சியில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை இன்றைக்கும் அயனாவரத்தை ஒட்டி, நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நாமோ அதை ஒரு வசவாக்கி வைத்திருக்கிறோம். மனசு சரியில்லை என்று வாய் திறக்கிற பிள்ளையை ‘கீழ்ப்பாக்கம் கேஸு’ன்னு சொல்லி வாயடைக்கிறது நம்ம வீட்டுக்குள்ளதான் நடக்குது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. இதில் கேலிக்கு இடமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் இல்லாத பிள்ளைக்கு ஒரு குரல் வேண்டும். அதற்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி-மனாஸ். காசு கிடையாது, தமிழில் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு தெருவிலும் எழுதி வையுங்கள்.

நம்முடைய கேள்வி வேறு. வலி எங்கே இருக்கிறது என்று யார் முடிவு செய்வது?

செயலியின் உளவியலில் வலி உனக்குள் இருக்கிறது. உன் எண்ணம் கோணல், அதை நிமிர்த்து. உன் கோபம் அதிகம், அதைக் குறை. ஐந்து முகங்களில் ‘என்னை அவமானப்படுத்தினார்கள்’ என்கிற முகம் கிடையாது. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகள் மூச்சுத் திணறி மயங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பள்ளியை மூடி நவம்பர் 4 அன்று மறுபடி திறந்தால், மறுபடியும் மயக்கம். இப்படிப்பட்ட நேரத்தில் ‘பதற்றம்’ என்கிற ஒரு சொல் எத்தனை பேருக்கு வசதியாக இருக்கும், யோசித்துப் பாருங்கள். காற்றை அளக்க வேண்டியவன் பிள்ளையின் மனசை அளக்க உட்கார்ந்துவிடலாம்.

நஞ்சு காற்றில் மட்டுமா இருக்கிறது? வகுப்பறையிலும் இருக்கிறது. நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். புகார் சொன்னதற்காக 2023 ஆகஸ்டில் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளிக்குப் போகப் பயந்த நாட்களில் அவன் கையில் அந்தச் செயலி இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? ‘உன் பயத்தை ஒரு மேகமாக நினைத்துக்கொள், அது கடந்து போகும்.’ அரிவாள் கடந்து போகுமா?

செயலிக்கு முன்பே இந்த உளவியலை அரசு கற்று வைத்திருக்கிறது. உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து நான்கு தோழர்களோடு வெளியேற்றப்பட்ட ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் இறந்தபோது, மத்திய அரசு அமைத்த ரூபன்வால் கமிஷன் அவருடைய சொந்த விரக்திதான் காரணம் என்று எழுதியது. சாதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ‘மனநலப் பிரச்சினை’. இந்தக் கழித்தல் கணக்கைத்தான் இப்போது பிள்ளைகளின் கைக்குள் வைத்துத் தருகிறார்கள்.

சரி, செயலியிடம் சொன்ன ரகசியம் எங்கே போகிறது? பெட்டர்ஹெல்ப் என்கிற அமெரிக்க நிறுவனம், பதின்வயதினருக்கென்று தனிப் பிரிவும் வைத்திருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வாங்கிய தகவல்களை ஃபேஸ்புக்குக்கும் ஸ்னாப்சாட்டுக்கும் விளம்பரத்துக்காகக் கொடுத்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. அங்கேயே இப்படி என்றால் இங்கே? எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் ஒரு ரூம்ல ஆறு பேரு, வீட்டுக்கு ஒரு போனு. அண்ணன் கையிலிருந்து அம்மா கைக்கும், அம்மா கையிலிருந்து தங்கச்சி கைக்கும் மாறுகிற போனில் எந்தப் பெண்பிள்ளை தன் மனசைத் திறந்து வைப்பாள்?

1901இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் அம்பேத்கரை, சாதி தெரிந்ததும் முதலில் எந்த வண்டிக்காரனும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. அந்த ராத்திரியை அவர் கடைசிவரைக்கும் மறக்கவில்லை. அந்தக் காயத்தைத் தன் குறையாக எண்ணி உள்ளுக்குள் புதைக்கவில்லை. ஒரு சமூகத்தின் குற்றப்பத்திரிகையாக எழுதி வைத்தார். நம் பிள்ளைகளுக்கு முதல் மருந்து இதுதான்: ‘உன் மேல தப்பு இல்ல’ன்னு ஒரு ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்வது. கோபப்படுகிற பிள்ளை நோயாளி அல்ல. கோபத்தைச் சொல்ல இடமில்லாமல் போகிறபோதுதான் அது நோயாகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி உட்பட எந்தப் பாகுபாடும் இல்லாமல் அரசின் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. நூறு மாணவரோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றது. செயலியை இறக்கிக் கொடுப்பது மலிவு, ஆளைப் போட்டால் சம்பளம் தர வேண்டும். ஆகவே நாளைக்கே ‘அதான் ஆப் இருக்கே’ என்று கைகாட்டுவார்கள். அந்தக் கையை இப்போதே மடக்க வேண்டும்.

திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பள்ளிகளில் ஆலோசகர் இருக்கிறாரா என்று மாணவத் தோழர்கள் பள்ளி பள்ளியாகப் போய்க் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வருகிற ஆலோசகருக்குச் சாதி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். உளவியல் படித்த நம் பிள்ளைகளை அந்த வேலையில் வையுங்கள் என்று கேளுங்கள். இரவுப் பாடசாலை நடத்துகிறவர்கள் வாரத்தில் ஒருநாள் பாடத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள். நாம் அறிவுரை சொல்ல வேண்டாம், காது கொடுத்தால் போதும். யாராவது ரொம்ப உடைந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்; மாத்திரை எழுதினால் வெட்கப்படாமல் வாங்கிக் கொடுங்கள்.

மனசுக்கு வைத்தியம் வேண்டும். காற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்தே வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்காதே என்று சொல்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் வைத்தியன் இல்லை.