அடி முறியாமல் இருக்கட்டும்

எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் பாட்டுத் தெரியும். தாலாட்டிலும் கைவீசலிலும் சாய்ந்தாடலிலும் ஓசை அதன் காதில் ஏறிவிடுகிறது. அந்த ஓசை அச்சிலும் இருக்கிறது என்று அதற்கு முதலில் காட்டித் தருவது படப்புத்தகம். 1996இல் சென்னையில் தூளிகா என்ற குழந்தைநூல் பதிப்பகம் தொடங்கியது. 2015இல் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளம் வந்தது. இன்று அங்கன்வாடி வரைக்கும் தமிழ்ப் படப்புத்தகம் போய்ச்சேர வழி உண்டு. ஆனால் பாட்டாக எழுதியதைப் பாட்டாகவே அச்சிடுகிறோமா, பாட்டாகவே வாசித்துக் காட்டுகிறோமா?

பாட்டை வாசிக்கும்போது அடியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தி, அதைக் குழந்தைகளையே சொல்லவைப்பது நாம் பரவலாகக் கையாளும் உத்தி. ஆங்கிலப் பாட்டில் ஓசை பெரும்பாலும் அடியின் இறுதியில் ஒன்றுவதால் அங்கே அது நன்றாகப் பொருந்தும். தமிழில் இயைபு, அதாவது அடியிறுதி ஒன்றிவருவது, உள்ள பாட்டுக்கும் பொருந்தும். ஆனால் நம் பாட்டின் உயிர் பெரிதும் எதுகையில் இருக்கிறது. எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது, நிற்பது அடியின் தொடக்கத்தில்.

இந்த இரண்டு அடிகளைப் பாருங்கள்:

மழை வந்தது வாசலிலே
குழைந்தது மண் காலடியில்

'மழை', 'குழை' என்ற ஒலிகள் வரிகளின் தொடக்கத்தில் நிற்பதால் காது உடனே பிடித்துக்கொள்கிறது. படத்துக்கு இடம் விடவேண்டும் என்று இதையே 'மழை / வந்தது வாசலிலே குழைந்தது / மண் காலடியில்' என்று மடக்கிப் போட்டால் எதுகை வரியின் கடைசியில் போய் ஒளிந்துகொள்ளும். ஆசிரியரும் அச்சில் உள்ளபடியே நிறுத்தி வாசிப்பார், பாட்டு உரைநடையாகிவிடும்.

ஆகவே பதிப்பாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: எழுத்தின் அளவைக் குறையுங்கள், படத்தை நகர்த்துங்கள், அடியை மட்டும் உடைக்காதீர்கள். முடிந்தால் எதுகைச் சொல் புதிய பக்கத்தின் முதற்சொல்லாக வரட்டும். பக்கம் புரளும்போது கிடைக்கும் இடைவெளி, அடுத்த ஒலிக்குக் காதைத் தயார்செய்யும்.

ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும்: வகுப்புக்கு முன் ஒருமுறை உரக்கப் படித்துச் சந்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பில் பொருள் விளக்கவோ, 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்' என்று கேட்கவோ வேண்டாம். 'குழைந்தது' புரியாத குழந்தைக்குப் படத்தில் சேற்றில் பதிந்த பாதமே பதில் சொல்லும். அதே புத்தகத்தை அந்த வாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். குழந்தைகளே பக்கத்தைப் புரட்டட்டும், தவறாகப் புரட்டினாலும் சரி. மனப்பாடம் தானே வரும். ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டால் பாட்டு பாடமாகிவிடும்.

பாரதியும் கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்கென்றே பாட்டெழுதிய மொழி இது. மொழிபெயர்ப்பில் சந்தம் அப்படியே வந்துசேர்வது அரிது. படத்தோடு சேர்த்தே யோசித்துத் தமிழிலேயே எழுதும் கவிஞர்கள் நமக்கு வேண்டும். அவர்களையும் ஓவியரையும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்காரவைக்கும் பதிப்பகங்களும் வேண்டும்.