ஒழுகும் குழாய் யார் பொறுப்பு?

ஓசூர் ஆலைத் தோழர்களே! கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரிலே புளோரைடு. பல்லைக் கறையாக்கிற்று, எலும்பை வளைத்தது. அதற்கு மாற்றாக 2013-இல் வந்தது ஒகேனக்கல் நீர். அதையா லைன் வீட்டுச் சுவருக்குள் கசிய விடுவது?

இரவில் தொட்டிக்கு வரும் நீரை நிறுத்தி, குழாய்களை மூடி, நீர்மட்டத்தில் கோடு இடுங்கள். விடியலில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. தெருவிலிருந்து வரும் பைப்பில் ஓட்டையென்றால் இன்னும் கேடு: நீர்வரத்து நின்றதும் சாக்கடையை அதுவே உள்ளே இழுக்கும்!

"குடியிருப்பவன் பார்த்துக் கொள்ளட்டும்" என்பார் வீட்டுக்காரர். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, குழாய் வாஷர் நம் பொறுப்பு. பைப்பை மாற்றுவது அவர் பொறுப்பு. வாஷரை நாளையே மாற்றுவோம், காசு பெரிதல்ல. பைப்புக்கு எழுத்திலே கேட்போம். ஒருவராக அல்ல, லைன் வீட்டார் அனைவரும் கையொப்பமிட்டு!