நோய்க்கு எல்லைக்கல் தெரியாது



நம் கோப்பெங், கம்பார் மாவட்ட மன்றத்தின் கீழ் உள்ளது. வடக்கே ஈப்போ மாநகர் மன்றம். மேற்கே பத்து காஜா மாவட்ட மன்றம். குப்பை அள்ளுவதும் வடிகால் தூர்வாருவதும் அந்தந்த மன்றத்தின் பொறுப்பு. மக்களோ வேலைக்கும் மருத்துவத்திற்கும் நாள்தோறும் இவ்வெல்லைகளைக் கடக்கின்றனர். நோயும் அவர்களுடனேயே பயணம் செய்கிறது.

இதற்கு நம் வட்டாரமே சான்று. 1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில் ஒரு காய்ச்சல் தோன்றியது. முதலில் அதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதிக் கொசுவை ஒழிக்க முனைந்தனர். அதற்குள் நோயுற்ற பன்றிகள் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்குப் பரவியது. சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களையும் எட்டியது. 1999 மார்ச்சில்தான் அது நிப்பா எனும் புதிய கிருமி என்று உறுதியானது. மலேசியாவில் மட்டும் 105 உயிர்கள் பறிபோயின.

இன்று நம்மை அச்சுறுத்துவது டிங்கி. ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. கிருமியை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்பவர்கள் நாமே. ஈப்போவில் கொசுக்கடி பட்ட ஒரு மாணவனுக்குக் காய்ச்சல் காண நான்கு முதல் பத்து நாள்கள் ஆகலாம். அவனுக்குக் காய்ச்சல் கண்டபின் கோப்பெங்கில் அவனைக் கடிக்கும் கொசு, அக்கிருமியை இங்கே பரப்பும். ஒரு மன்றம் துப்புரவு செய்து, அண்டை மன்றம் வாளாவிருந்தால் பயன் என்ன?

நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் 1975-லிருந்தே நடப்பில் இருக்கிறதே என்பர் சிலர். அச்சட்டம் கொசு வளர விட்டவரைத் தண்டிக்கும். மூன்று மன்றங்களை ஒரே நாளில் களத்தில் இறக்காது. ஆகவே மூன்று மன்றங்களும் சுகாதார அலுவலகங்களும் இணைந்து ஒரே வாரத்தில் கோத்தோங் ரோயோங் நடத்த வேண்டும். ஓர் ஊரில் டிங்கி கண்டால், அன்றே அண்டை ஊர்ப் பள்ளிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் காய்ச்சலை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை ஆசிரியர் அப்போதுதான் அறிவார்.

நம் பங்கும் உண்டு. கொசுமுட்டை முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். எனவே வாரந்தோறும் பத்து நிமிடம் பூந்தொட்டித் தட்டு, வாளி, பழைய டயர் ஆகியவற்றைச் சோதிப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி, மூன்று மன்றங்களுக்கும் அனுப்பி வைப்போம்.