பாஸ் என்றால் எதில் பாஸ்?

கேபிள் டெஸ்ட் ரிப்போர்ட்டில் பச்சை எழுத்தில் 'பாஸ்' என்று இருந்தால் பில்லையும் பாஸ் பண்ணிவிடலாம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்றைக்கு அந்த நம்பிக்கையைத் திட்டப் போகிறேன். பி.காம் படிக்கிறவனுக்கு கேபிளோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். பில் இருக்கிற இடமெல்லாம் எங்கள் இடம்தான் சார் :)

முதலில் விஷயம். ஆபீஸ் சுவரில் இருக்கும் சாக்கெட்டிலிருந்து ரேக்கில் இருக்கும் பேட்ச் பேனல் வரை ஓடும் கேபிளுக்கு பர்மனென்ட் லிங்க் என்று பெயர். அதிகபட்சம் 90 மீட்டர். இரண்டு பக்கமும் நாம் செருகும் பேட்ச் கார்டுகளையும் சேர்த்தால் அது சேனல், 100 மீட்டர். டெஸ்டர் மெஷினில் பட்டனை அமுக்கும் முன்னால், இந்த இரண்டில் எதன் வரம்பை வைத்து அளக்கப் போகிறோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மெஷின் தானாக முடிவு செய்யாது. ஆள்தான் முடிவு செய்கிறார்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றால், கேளுங்கள். கேபிளுக்குள் நாலு ஜோடி கம்பி. ஒரு ஜோடியில் போகும் சிக்னல் பக்கத்து ஜோடியில் கசியும். அந்தக் கசிவு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை டெசிபலில் சொல்வார்கள், எண் பெரிதாக இருந்தால் நல்லது. கேட் 6 கேபிளுக்கு 250 மெகாஹெர்ட்ஸில் பர்மனென்ட் லிங்க் என்றால் 35.3 வேண்டும். சேனல் என்றால் 33.1 போதும். வித்தியாசம் 2.2 தானே என்று தோன்றும். லாகரிதம் போட்டுப் பாருங்கள், கசியும் சக்தி சுமார் 1.66 மடங்கு வரை கூடலாம் என்று அர்த்தம். அந்தச் சலுகை பேட்ச் கார்டுக்காகவும் அதன் கனெக்டருக்காகவும் விட்டு வைத்தது. சுவருக்குள் இருப்பதை மட்டும் அளந்துவிட்டு சேனல் வரம்பைப் போட்டால், அந்தச் சலுகை முழுவதையும் சுவர்க் கேபிளே தின்றுவிடும். அப்புறம் கார்டு செருகும்போது மிச்சம் எதுவும் இருக்காது. இன்னும் துணிச்சல்காரர்கள் கேட் 5இ வரம்பை வைப்பார்கள். மெஷின் 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேலே கேபிள் என்ன கூத்தடித்தாலும் ரிப்போர்ட்டில் வராது.

லாஸ்பேட்டையில் என் மாமா கணக்கு எழுதும் ஆபீஸ் வைத்திருக்கிறார். 18 பாயின்ட் வயரிங். கான்ட்ராக்டர் கொடுத்த ஃபைலில் 18 பக்கம், 18-லும் பாஸ். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சின்ன எழுத்தில் வரம்பு: சேனல். அளந்த தேதியில் மாமா பேட்ச் கார்டே வாங்கவில்லை! போன் போட்டுக் கேட்டால், "நெட் வருதுல்ல தம்பி?" என்கிறார். வருகிறது. ஆனால் ரிட்டர்ன் போடும் கடைசி வாரத்தில் இரண்டு மெஷினில் மட்டும் டாலி அறுந்து அறுந்து வருகிறது. கேபிள்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கேபிள் காரணமில்லை என்று அந்த 18 பக்கத்தாலும் சொல்ல முடியாது. என் சண்டை அதுதான்.

எங்கள் பாடத்தில் இதற்கு மருந்து எப்போதோ வந்துவிட்டது. ஒரே மெஷினுக்கு நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் ஒரு லாபம், குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டால் வேறொரு லாபம். இரண்டும் பொய் இல்லை. அதனால்தான் எந்த முறை என்று சொல்லிவிடு என்கிறது ஏ.எஸ். 1. அது வந்தது 1979-ல். முறையைச் சொல்லாத லாபத்தை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். வரம்பைப் பார்க்காத 'பாஸை' மட்டும் நாம் ஏன் ஏற்கிறோம்?

பெரிய இன்ஜினியர்களுக்கே இந்தத் தகராறு உண்டு. 2014-ல் வந்த ஐ.இ.இ.இ. 802.3பிஜே தரத்தில், ஒரு சேனல் தேறுமா என்பதை ஒரே எண்ணில் சொல்ல ஒரு கணக்கு வைத்தார்கள். 3 டெசிபல் வந்தால் பாஸ். ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தெந்த மதிப்புகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று ஒரு அட்டவணையும் வைத்தார்கள். அட்டவணையில் கை வைத்தால் அதே செம்புக் கம்பிக்கு வேறு எண் வரும், அதனால்தான். பிறகு 2020-ல் ஐ.இ.இ.இ. 370 என்று, 50 கிகாஹெர்ட்ஸ் வரை எப்படி அளப்பது என்பதற்கே தனியாக ஒரு தரம் வந்தது.

நம் நாட்டுக் கதையும் இதேதான். 2006-ல் டிராய் பிராட்பேண்டுக்குத் தர விதி போட்டபோது, வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றது. எங்கிருந்து எங்கே? நிறுவனத்தின் நோடிலிருந்து வாடிக்கையாளர் வரை. இரண்டு முனையையும் சொன்னார்கள், அதற்கு ஒரு கும்பிடு. விளம்பரம் போட்டவர்களோ 'வரை' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். 2017-ல் ஊக்லா கணக்கை வைத்து ஏர்டெல் தன்னை அதிவேக நெட்வொர்க் என்று விளம்பரம் செய்தது. இரண்டு சிம் போனில் எந்த சிம்மின் வேகத்தை யார் கணக்கில் எழுதினீர்கள் என்று ஜியோ சண்டைக்குப் போனது. விளம்பரத் தரக் கவுன்சில் அந்த விளம்பரத்தை மாற்றச் சொன்னது. டிராயின் மைஸ்பீட் கணக்கிலோ ஜியோதான் முன்னால். இத்தனைக்கும் எல்லாரும் அளந்துதான் சொன்னார்கள்!

மீட்டரைப் பெற்ற பிரான்ஸ் 1954 வரை ஆண்ட ஊர் நம்முடையது. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவையைக் கொண்டு வாங்க என்று கேட்கலாம். மளிகைக் கடைத் தராசில் முத்திரை இல்லாவிட்டால் 2009-ன் எடையளவைச் சட்டம் பாயும். லட்ச ரூபாய் வயரிங்குக்கு மட்டும் "நெட் வருதுல்ல?"

கறாராக அளந்தால் செலவு கூடும் என்பார்கள். நான் கறாரான வரம்பைக் கேட்கவில்லை. வேலைக்கு முன்னாலேயே எழுதிய வரம்பைக் கேட்கிறேன். டெண்டரிலோ கொட்டேஷனிலோ இப்படி எழுதுங்கள்: "கேட் 6 பர்மனென்ட் லிங்க் வரம்பில், பேட்ச் கார்டு இல்லாமல், ஒவ்வொரு பாயின்ட்டும் அளக்கப்பட வேண்டும். டெஸ்டரின் காலிபரேஷன் தேதி ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். பிரின்ட் மட்டும் போதாது, மெஷினிலிருந்து இறக்கிய மூல ஃபைலும் தர வேண்டும்." மூல ஃபைல் இருந்தால் வரம்பை மாற்றிப்போட்டு நாமே திரும்பப் பார்க்கலாம்.

மாமாவுக்கு இதே வாசகத்தை எழுதி, கான்ட்ராக்டருக்கு லெட்டராக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். திரும்ப அளக்க ஒரு பாயின்ட்டுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும் 18 நிமிஷம். கடைசித் தவணைப் பணம் இன்னும் மாமாவிடம்தான் இருக்கிறது.