ஒன்பதாயிரம் லுமென், ஒரு வேட்டி

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. கூட்டம் தாங்காத நாளில் மேலே போகிற வண்டியை அடிவாரம் வழியாக ஏற்றி, இறங்குகிற வண்டியை எங்கள் குப்பனூர் வழியாக விடுவார்கள். பொழுது சாய்ந்தால் கொட்டச்சேடு பக்கமிருந்து கார்கள் சரம் சரமாக இறங்கும். அப்படி ஒரு நாள் பார்த்துத்தான் நான் வாசலில் கொடி கட்டி, அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் கிளிப் போட்டு மாட்டி, ஊரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். ஊர் என்றால் எங்கள் வீட்டில் நாலு பேர், பக்கத்து வீட்டு மாமா, அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகள்.

படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. அம்மா கேட்டது. சேலத்துக்காரருக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு உரிமை உண்டு. 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், நாங்கள் ஏற்காடு ரோடு என்று சொல்கிற அந்த ரோட்டில்தான் இருந்தது. இப்போது முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே எடுத்து 1956-இல் வெளிவந்த படம் இது, தமிழில் முதல் முழுநீள வண்ணப் படம். புது புரொஜெக்டர் மிஷினில் முதல் படமாக வண்ணம் ஓடட்டுமே என்று எனக்கும் ஆசைதான்.

எம்.ஜி.ஆர். வந்தார். வந்தார் என்றுதான் நினைக்கிறேன். சட்டை சிவப்பா, காவியா, மட்டிச் செங்கல் நிறமா என்று மாமாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார் வளைவில் திரும்பியது. வேட்டி பளீரென்று வெளுத்தது. வேட்டிக் கரை தெரிந்தது, கிளிப் தெரிந்தது, வேட்டியில் இருந்த பழைய காபிக் கறைகூடத் தெரிந்தது. எம்.ஜி.ஆரைக் காணோம்.

"குகைக்குள்ள போயிட்டாரா கண்ணு?" என்றார் அம்மா.

அடுத்த கார் வந்தது. அதற்கடுத்து ஒரு வேன். அன்றைக்கு நாற்பது திருடர்களைவிட அதிகமாக வண்டிகள்தான் வந்து போயின.

அந்த மிஷின் 2,899 ரூபாய். டிபன் பாக்ஸ் உயரம்தான் இருக்கும். பெட்டியின் மேல் ஒரு குடும்பம், பட்டப்பகல், ஜன்னல் திறந்திருக்கிறது, சுவர் முழுக்க ஒரு புலி பாய்கிறது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் '9000 லுமென்ஸ்'. லுமென் என்பது ஒளியின் அளவு என்று மகன் பாடம் எடுத்தான். ஒரு சாதாரணக் காரின் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஆயிரம் லுமென் சுமாருக்குத் தரும். அப்படியென்றால் ஒன்பது ஹெட்லைட் என் வாசலில் எரிய வேண்டும். நடந்தது என்ன? தூரத்து வளைவிலிருந்து சாய்வாக வந்து விழுந்த ஒற்றை ஹெட்லைட், என் ஒன்பதையும் அணைத்துவிட்டுப் போனது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெட்டிக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. அடாப்டரைத் திருப்பினால் பொடி எழுத்தில் '12 வோல்ட், 3 ஆம்பியர்'. இரண்டையும் பெருக்கினால் 36 வாட். வீட்டில் மாட்டுகிற 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஏறக்குறைய 900 லுமென் தருகிறது, அதாவது வாட்டுக்கு நூறு. அந்தக் கணக்குப்படி 9,000 லுமெனுக்கு 90 வாட் வேண்டும். இந்த 36 வாட்டிலேயே ஃபேன் ஓட வேண்டும், ஸ்பீக்கர் பாட வேண்டும், உள்ளே இருக்கிற சின்ன கம்ப்யூட்டரும் வேலை செய்ய வேண்டும். மிச்சத்தில் எரிகிற விளக்கின் ஒளியும் முழுசாக வெளியே வராது, எல்.சி.டி. தகடு பெரும்பங்கை விழுங்கிவிட்டுத்தான் லென்ஸுக்கு அனுப்பும். கடைசியில் ஐம்பது, நூறு என்று வந்து நின்றால் அதுவே அதிகம். அட்டைப் பெட்டி சொல்கிற பொய்யை அடாப்டர் காட்டிக் கொடுக்கிறது. பார்க்காதது என் தப்பு, சரி. பார்க்க மாட்டான் என்று நம்பி அச்சடித்தவன் தப்பு யார் கணக்கில்?

நேர்மையாக அளக்க வழி இல்லாமல் இல்லை. வெள்ளைத் திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழுகிற ஒளியை அளந்து சராசரி எடுப்பார்கள். அதற்குப் பெயர் ஆன்சி லுமென். நல்ல கம்பெனிகள் அதையோ ஐ.எஸ்.ஓ. அளவையோ போடும். வெறும் 'லுமென்' என்று போட்டிருந்தால் அது அவரவர் வாய்க்கு வந்தது. பொய்க் கணக்குப் போட்டு விற்கிறார்கள் என்று எப்சன் கம்பெனி அமெரிக்காவில் சில புரொஜெக்டர்காரர்கள் மேல் வழக்கே போட்டது.

'நூறு இஞ்ச் திரை' என்பது அடுத்த ஆசை வார்த்தை. நூறு இஞ்ச் என்றால் ஏழடிக்கு நாலடி, இரண்டே முக்கால் சதுர மீட்டர். ஐம்பது லுமெனை அத்தனை பரப்பில் பரத்தினால் சதுர மீட்டருக்குப் பதினெட்டுதான் தேறும். டியூப்லைட் போட்ட அறையில் சுவர் மேல் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் ஏற்கெனவே இருக்கும். ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க இழுத்தால் தோசை வராது, ஓட்டைதான் வரும். அதையே நாற்பது இஞ்சுக்குச் சுருக்கினால் ஒளி ஆறு மடங்கு கூடும், முகம் தெரியும். ஆனால் நாற்பது இஞ்ச் பார்க்க எதற்கு வேட்டி, கொடி, கிளிப், இருட்டு?

'4கே சப்போர்ட்' என்றும் போட்டிருந்தது. இந்த 'சப்போர்ட்' என்கிற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு. 4கே படத்தைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதாம், அவ்வளவுதான் அர்த்தம். உள்ளே இருக்கிற தகட்டில் 800-க்கு 480 புள்ளிகள். முழு எச்.டி.யின் 1920-க்கு 1080-இல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அஞ்சு படி நெல்லைக் கொட்டுங்கள் சாமி, என் பாத்திரம் ஒரு படிதான் பிடிக்கும் என்கிற கதை. அதிலும் மிஷின் கொஞ்சம் சாய்ந்திருந்தால் படம் முறம் மாதிரி விரிகிறது. பட்டனைத் தட்டி அதை நேராக்கினால் இருக்கிற புள்ளியிலும் கொஞ்சம் போகிறது. நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரம் மங்கல், ஓரத்தில் வைத்தால் நடுவில் மங்கல்.

சத்தத்தைச் சொல்லவே இல்லையே. உள்ளே ஃபேன் மிக்ஸி மாதிரி ஓடுகிறது. அதன் ஸ்பீக்கருக்கு மேலே அது கேட்கிறது. பானுமதி பாடும்போது மாமா எழுந்து வந்து மிஷின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றார், நின்றதும் அவர் தலை திரையில் விழுந்தது, பேரப்பிள்ளைகள் கத்தினார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

மறுநாள் வீட்டுக்குள் கதவை அடைத்துவிட்டு, மாதச் சந்தா கட்டுகிற ஓ.டி.டி. படத்தை மகன் போனிலிருந்து விட்டான். சத்தம் வருகிறது, படம் கறுப்பு. கோளாறு இல்லையாம், திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்க வைத்த பூட்டாம். அந்தப் பூட்டைத் திறக்க அனுமதி வாங்கிய கருவியாக இருந்தால்தான் படம் வரும். காசு கட்டியவனுக்குக் கறுப்பு, இலவசமாக யூடியூபில் பார்ப்பவனுக்குப் படம்.

மாமா டூரிங் டாக்கீஸ் காலத்து ஆள். மணலைக் குவித்து மேலே உட்கார்ந்து பார்த்தவர். "அப்பவெல்லாம் ரெண்டு கார்பன் குச்சியைக் கொளுத்தி வெச்சு, அது எரிஞ்சு தேயத் தேய ஆபரேட்டரு தள்ளிக்கிட்டே இருப்பாரு. டெண்டுல ஓட்டை இருந்தாலும் படம் பளிச்னு இருக்கும்" என்றார். 1905-இல் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வே வேலையை விட்டு, திருச்சியில் துப்போன் என்கிற பிரெஞ்சுக்காரரிடம் ஒரு புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் போனார். அவர் வாங்கியது படம் காட்டியது. 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டுகிற அளவுக்குக் காட்டியது. நூற்றிச் சொச்ச வருஷம் கழித்து நான் வாங்கியதை வைத்து ஒரு வேட்டிகூடக் கட்ட முடியாது. கிளிப் போட்ட இடத்தில் கிழிந்துவிட்டது.

மாமா வீட்டில் 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் ஓடுகிறது. ரிமோட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அம்மா இப்போது சீரியலுக்கு அங்கேதான் போகிறார். பத்தாயிரத்துக்குள்ளேயே 32 இஞ்ச் டிவி கிடைக்கும்போது மூவாயிரத்தை இதில் போடுவானா ஒருத்தன் என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தைகளுக்கு கார்ட்டூன் போட, கும்மிருட்டு அறையில், நாற்பது இஞ்சில், என்றால் போகட்டும் என்று விடலாம். அதுவும் எங்கள் ரோட்டுத் தூசி உள்ளே ஏறாதவரை. இந்த விலை மிஷின்களில் ஒளி போகிற வழியை அடைத்து வைப்பதில்லை; தூசி தகட்டில் உட்கார்ந்தால் படத்தில் நிரந்தரத் தேமல்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பணம் வராது, மாற்றுதான் தருவோம் என்றது கடை. நுகர்வோர் கமிஷனுக்கு நம் மாவட்டத்திலேயே போகலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, முதலில் 1915-க்கு போன் போடுங்க என்று மகன் சொன்னான். சட்டம் நல்ல சட்டம்தான். 2,899 ரூபாய்க்கு எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுவது என்று யோசித்து, மாற்றுக்கே தலையாட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை வந்தது. அதே குடும்பம், அதே ஜன்னல், அதே புலி. லுமென் இருந்த இடத்தில் மட்டும் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 12,000.

மகன் ஒன்றும் பேசாமல் அடாப்டரை எடுத்து என் கையில் கொடுத்தான். 12 வோல்ட், 3 ஆம்பியர்.