அணைச்சுப் போட்டா வந்துடும் சார்

சிறுசேரி சிப்காட்டில் நள்ளிரவு 2 மணிக்கு சர்வர் ரீபூட் ஆகி வரக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்று. புது ஸ்டோரேஜ் கொடுத்தாயிற்று, சர்வரின் கண்ணில் அது படவில்லை. “அணைச்சுப் போட்டா வந்துடும் சார்” என்பார் பக்கத்து சீட்காரர். வரும்தான். அதற்காக ஓடுகிற டேட்டாபேஸை ஏன் நிறுத்த வேண்டும்? லினக்ஸில், ஸ்டோரேஜை இணைக்கும் ஒவ்வொரு எச்பிஏ போர்ட்டுக்கும் ‘ஸ்கேன்’ என்று ஒரு ஃபைல் உண்டு. அதில் இடைவெளி விட்டு மூன்று சிறுகோடு எழுதினால் போதும். எந்தச் சேனல், எந்த டார்கெட், எந்த லன் ஆனாலும் தேடு என்று அர்த்தம். வழக்கமாகச் சில நொடிகளில் டிஸ்க் தலைகாட்டும். ஒரே டிஸ்க் நாலு பாதையில் வந்தால் நாலு பெயரில் நிற்கும். பதற வேண்டாம், மல்டிபாத் அடையாள எண்ணைப் பார்த்து ஒன்றாக்கிவிடும். (இணைப்பையே மீட்டமைக்கும் லிப் ரீசெட் பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள், ஓடுகிற பாதையையும் அது உலுக்கிவிடும்.) ஓடுவதை நிறுத்தாமல் மாற்றுவது அணு உலையிலேயே உண்டு. சிறுசேரியிலிருந்து தெற்கே, மாமல்லபுரம் தாண்டினால் கல்பாக்கம். அங்கே 1984 ஜனவரியில் வணிக உற்பத்தி தொடங்கிய கனநீர் உலையின் வடிவமைப்பைப் பாருங்கள். உலை ஓடும்போதே, படுக்கைவாட்டுக் குழாயின் ஒரு முனையில் ஓர் இயந்திரம் புது எரிபொருள் கட்டைத் தள்ளும். மறுமுனையில் இன்னொன்று பழையதை வாங்கிக்கொள்ளும். நாம்தான் ஒரு டிஸ்க்குக்காக டவுன்டைம் ஃபாரம் நிரப்பி, மேனேஜர் கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.